வலையில் அகப்பட்ட பன்னிரண்டு வீடுகள்

கேனட் கோவ் துறையில் ஒரு முறை மீன்வலையில் வீடு அகப்பட்டது. ஒன்றா இரண்டா, வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். அடுப்பில் கொதித்த கெட்டில் சிந்தவில்லை, அடுப்படிப் பூனை கண் திறக்கவில்லை. நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் எத்தனையோ மீன் பிடித்திருக்கிறார்கள். வீடு பிடித்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள் மட்டும்தான்.

சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். கம்பெனியின் வலைக்கொட்டகையைக் காத்துவந்த அசரியா புர்சிக்கு இந்த மாதிரிக் கதைகள் ஆகவே ஆகாது. கடல் உப்புக் கரிக்கும் என்று சொன்னால்கூட, ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டு, "இருக்கலாம்" என்று மட்டும் சொல்கிற ஆள் அவர்.

அக்டோபர் மூன்றாம் வாரம். விடிந்தும் விடியாத நேரத்தில் கார்லண்ட் ஸ்நூக் தார்ச்சட்டிக்கு அடியில் கரையொதுங்கிய கட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தான். தார் முதலில் கருங்கல்லாகக் கிடந்தது, பிறகு நெளிந்தது, பிறகு கொப்புளம் விட்டுப் புகைந்தது. அந்தப் புகை தொண்டையில் இறங்கினால் மூன்று நாள் ரொட்டியும் தார், தேநீரும் தார், மனைவியின் முத்தமும் தார். நகக்கண்களில் ஏறிய கறுப்பு ஈஸ்டர் வரைக்கும் போகாது.

கம்பெனி வரிசை என்பது ஒரே நீளக் கூரையின்கீழ் பன்னிரண்டு வீடுகள். குளிர்காலத்துக்கு முன் கூரையில் தார்த்தாள் விரித்து, மேலே ரீப்பர் கட்டை அடித்து, சுவர்களில் உளுத்த பலகையைப் பெயர்த்துப் புதிது அறைந்து, இடுக்குகளில் தார் தோய்த்த சணலைப் படகுக்கு அடைப்பதுபோல் உளியால் அடைக்க வேண்டும். கடலைப் பார்த்த வடமேற்குச் சுவர்தான் எப்போதும் முதலில். காற்று வருகிற வாசலை அடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. இது அந்த ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும்.

முதலாளி பென்வெல்லுக்கு மட்டும் அந்த வருடம் தெரியவில்லை. கடன் கொடுக்கிற அரசாங்க அதிகாரி சனிக்கிழமை வருகிறார். தொழிலாளிகளை நன்றாகக் குடிவைத்திருக்கிறோமா என்று சாலையில் நின்று பார்ப்பார். ஆகவே சாலையைப் பார்த்த முன்பக்கம்தான் முதலில். புதுப் பலகை, வெள்ளைச் சாயம், முன்கூரைக்குப் புதுத் தாள்.

"ஸ்கிப்பர், கூரை பூரா உறைபனி. வெயில் ஏறட்டும், ஒரு மணி நேரம்தான்," என்றான் கார்லண்ட் பென்வெல்லிடம். முதலாளியை அந்த ஊரில் ஸ்கிப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வெயிலுக்கு நான் சம்பளம் குடுக்கல, கார்லண்ட். உனக்குக் குடுக்கறேன்."

"தாள் கண்ணாடி மாதிரி வழுக்குது ஸ்கிப்பர்."

"அப்ப மீன் வெட்டற மேசைக்குப் போறியா? அங்க வழுக்காது. கூலியும் பாதிதான்."

கார்லண்டின் கூட்டாளி ஹெட்லி க்ளூயெட் ஏணியில் கால் வைத்தான். வரிசையின் வடகோடியில் பன்னிரண்டாம் வீட்டுக்காரன். மனைவி பெர்னிஸ், இரண்டு பெண் குழந்தைகள். அவன் இடுப்பில் அன்று ஒரு கயிறு இருந்தது; மறுமுனையைப் புகைபோக்கியில் சுற்றப் போனான்.

இங்கேதான் இந்த ஊர்க்காரர்களின் கிறுக்கைச் சொல்ல வேண்டும். ஆடுகிற படகில் நின்றே பிறந்தவர்கள் மாதிரி இவர்களுக்கு ஒரு பெருமை. கூரையில் எவனும் கயிறு கட்ட மாட்டான். அசையாத தரைமேல் நிற்கிற வீட்டிலிருந்து விழுகிறவன் ஆம்பிளையா என்பார்கள்.

"என்னடா மகனே, கன்னுக்குட்டி மாதிரி கட்டிப் போட்டிருக்கா உன் பொண்டாட்டி? மேயறதுக்கு மேல புல்லு கூட இல்லையேடா!" என்றான் கார்லண்ட்.

ஹெட்லி சிரித்தான். காது சிவக்கச் சிரித்தான். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கீழே போட்டான்.

கார்லண்ட் தார் வாளியை எடுக்கக் குனிந்தபோது மேலே ஒரு சறுக்கல் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பனிச்சரிவில் வழுக்கி விளையாடுகிற சத்தம் மாதிரியே இருந்தது. நிமிர்ந்தபோது கூரையில் யாரும் இல்லை.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். வெள்ளை வெளேரென்ற முன்பக்கத்தைக் காரில் இருந்தபடியே பார்த்தார், தலையாட்டினார், போனார். ஹெட்லியின் மேல் மண் போட்டு அப்போது ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

திங்களன்று பெர்னிஸுக்குச் சீட்டு வந்தது. வேலை செய்கிற ஆண் இல்லாத வீடு கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். மாதக் கடைசிக்குள் காலி செய்யவும். அதோடு இன்னொன்றும்: காலியாகப் போகிற வீட்டின் கடலைப் பார்த்த பின்சுவருக்குப் பலகை கிடையாது.

கார்லண்ட் அலுவலகத்துக்குப் போனான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே நுழைந்தான்.

"ஸ்கிப்பர், பன்னண்டாம் வீடு மூலை வீடு. அதுக்குள்ள காத்து பூந்தா கூரை அங்கிருந்து கிளம்பும். பன்னண்டும் போகும். அந்தப் பின்சுவத்துல விரல விட்டா மறுபக்கம் அவ பொண்ணு பிடிச்சுக் குலுக்கறா, அவ்வளவு ஓட்டை."

"அதனாலதான் காலி பண்ணச் சொல்றேன்."

"எங்க போவா?"

"அவளுக்கு அம்மா இல்லையா?"

"கல்லறையில இருக்காங்க. ஹெட்லிக்கு ரெண்டு குழி தள்ளி."

பென்வெல் பேனாவை மூடினார். "பாவம்தான். நானும் பூ அனுப்பினேன். பலகை முழுசும் புது ஐஸ் கொட்டகைக்கு எண்ணி வாங்கினது. போய் வேலையப் பாரு."

அன்று சாயங்காலம் கார்லண்ட் அந்தப் பின்சுவர் ஓரத்தில் ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளை வெட்டி அடுக்கினான். சணல் தீர்ந்ததும் தன் பழைய கம்பளிச் சட்டையைக் கிழித்து இடுக்கில் அடைத்தான். பெர்னிஸ் கதவோரம் நின்று பார்த்தாள். உள்ளே வந்து தேநீர் குடிக்கச் சொன்னாள். அவனால் அந்த வாசற்படியைத் தாண்ட முடியவில்லை. அந்தச் சுருட்டிய கயிறு அங்கேதான் ஆணியில் தொங்கியது.

புதன்கிழமை நண்பகல் காற்று வந்தது. சும்மா காற்றா? கடற்புறாக்கள் பின்பக்கமாகப் பறந்தன. ஒரு கோழி முட்டையிட, அது அடுத்த குடாவில் போய் உடைந்தது. பாதிரியார் வாயைத் திறந்து ஆமென் சொல்ல, அதைப் பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டு முழங்காலிட்டார்கள். இரண்டு மணிக்குப் பன்னிரண்டாம் வீட்டின் பின்சுவரிலிருந்து முதல் பலகை பிய்ந்து பறந்தது. சீட்டுக்கட்டிலிருந்து எடுப்பதுபோல் அடுத்தடுத்துப் பிய்த்தது. காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து முட்டியது. முகடு நெடுகப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஆணிகள் கிரீச்சிட்டன.

கார்லண்ட் வலைக்கொட்டகைக்கு ஓடினான். அங்கே கம்பெனியின் பெரிய காட் மீன் வலை சுருட்டிக் கிடந்தது. கடலுக்குள் ஒரு பெரிய அறை மாதிரி இறக்குகிற வலை. ஒரு தேவாலயத்தையே மூடலாம்.

அசரியா வாசலில் குழாய் புகைத்துக்கொண்டிருந்தார்.

"வலை வேணும், அங்கிள். கூரை மேல போட்டு அமுக்கணும்."

"கட்டிவெச்சா இறவாரத்தோட பிச்சுக்கிட்டுப் போகுமே."

"கட்டப் போறதில்ல. பாய்மரக் கயிறு மாதிரி கையில பிடிக்கணும். காத்து இழுக்கறப்ப ஒரு சாண் விடணும், மூச்சு வாங்கறப்ப ரெண்டு சாண் வாங்கணும்."

"அதுக்கு அம்பது அறுபது பேர் வேணும்டா. இந்த ஊர்ல மூணு பேர் சேந்து ஒரு படகத் தள்ளினத நான் பாத்ததில்ல. தேவாலயத்துக்கு மணி வாங்கறதுக்கே நாலு கட்சி. எங்கடா உன் ஆளுங்க?"

கார்லண்ட் திரும்பினான். தான் தனியாக ஓடி வந்ததாகத்தான் நினைத்திருந்தான். பின்னால் அவன் மனைவி எஃபி நின்றாள், மாவு ஒட்டிய கையோடு. அவளுக்குப் பின்னால் பெர்னிஸ். அதற்கும் பின்னால், மீன் ஆலையிலிருந்து வெட்டுமேசைப் பெண்கள், ரப்பர் அங்கியும் செதிலுமாக. உப்புக்கிடங்கு ஆட்கள். ஒருவரோடு ஒருவர் பதினோரு வருடம் பேசாத இரண்டு அண்ணன் தம்பிகள், அப்போதும் பேசாமல். அறுக்காத மீன் மேசைமேல் அப்படியே கிடந்தது. சங்கு ஊதாமல் அந்த ஆலை நின்றது அதுதான் முதல் முறை.

"பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு அசரியா வாசலைவிட்டு விலகினார்.

வலையை எப்படிக் கூரைமேல் ஏற்றினார்கள் என்று கேட்டால், காற்றேதான் ஏற்றியது. விரித்துக் காட்டினார்கள், அது தூக்கி முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் எறிந்தது. இரண்டு பக்கமும் விளிம்புக் கயிற்றில் ஆட்கள் விழுந்தார்கள். அறுபத்து மூன்று பேர். எஃபி எண்ணினாள், அவள் ரொட்டி எண்ணிப் பழகியவள், தப்பாது.

"விடு... விடு... ஒரு சாண்! இப்ப வாங்கு!" கார்லண்டின் குரல் போன பிறகு வேறு யாரோ கத்தினார்கள். அந்தக் குரலும் போன பிறகு யாரும் கத்தத் தேவையில்லாமல் போயிற்று. காற்று மூச்சு வாங்குவது எல்லார் உள்ளங்கைக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

கார்லண்டின் தோளோடு தோளாகப் பெர்னிஸ் நின்றாள். எதிரே சுவர் இருந்த இடத்தில் அவள் அடுக்களை திறந்து கிடந்தது. மேசை தெரிந்தது. இன்னும் நான்கு தட்டு வைக்கிற பழக்கம் அவளுக்குப் போகவில்லை.

"பெர்னிஸ்," என்றான். அந்தக் காற்றில் அது தனக்கே கேட்குமா என்று தெரியவில்லை. "கயிற அவிழ்க்க வெச்சது நான்தான். கிண்டல் பண்ணினேன்."

அவள் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். அந்த முடிச்சப் போட்டவ நானு. அவரா அவிழ்த்திருக்க மாட்டாரு."

அவன் கை தளர்ந்தது.

"பிடி!" என்றாள். "உன்னை நான் எப்ப மன்னிப்பேன்னு எனக்குத் தெரியல. இப்ப கயிற விட்டேன்னா எப்பவும் மாட்டேன்."

அவன் பிடித்தான்.

மூன்று வாரம் பிடித்தார்கள் என்று சொல்ல ஆசைதான். மூன்று மணி நேரம். காற்று ஓய்ந்தபோது பலருக்கு விரல் விரியவில்லை. ஒவ்வொரு விரலாக அடுத்தவர்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது. கூரை நின்றது. பின்சுவர் போயிற்று. வெள்ளையடித்த முன்பக்கம் ஒன்றுமே நடக்காத முகத்தோடு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பென்வெல் பக்கத்துக் குடாவிலிருந்து கான்ஸ்டபிளை வரவழைத்தார். ஆலை வாசலில் எல்லாரும் நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை.

"கம்பெனி வலையைத் திருடினது இந்தக் கார்லண்ட் ஸ்நூக். அவன் ஒருத்தன். இவன கூட்டிட்டுப் போங்க, மத்தவங்க வேலைக்குப் போகட்டும்," என்றார் பென்வெல்.

"வலைய ஒருத்தன் தூக்க முடியாதே, ஐயா," என்றான் கான்ஸ்டபிள். காலையில் படகில் வந்த களைப்பு அவன் முகத்தில் இருந்தது.

"நாங்க அறுபத்து மூணு பேரு, கண்ணு," என்றாள் எஃபி. "பேர் எழுதணும்னா பெரிய நோட்டா கொண்டா. எழுதி முடிக்கற வரைக்கும் மீன் காத்திருக்கும். பெர்னிஸ் வீட்டுக்குப் பலகை வர்ற வரைக்கும் காத்திருக்கும்."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியது. ஐஸ் கொட்டகைக்கென்று வாங்கிய பலகைகள் அவர்களுக்கு இருபது அடி தள்ளி, பூட்டிய கொட்டிலுக்குள் அடுக்கப்பட்டிருந்தன. பெர்னிஸின் சீட்டில் போட்டிருந்த தேதிக்கு இன்னும் ஏழு நாள். பன்னிரண்டாம் வீட்டின் பின்னால் ஒரு பழைய பாய்த்துணி தொங்கி அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மறுபடியும் மேகம் கட்டியது.

"அறுபத்து மூணு பேராம்!" பென்வெல் கான்ஸ்டபிளிடம் திரும்பினார். "இந்த ஊரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. கதை விடறதுல பொறந்தவங்க. காத்து தானா அடங்கிச்சு, அவ்வளவுதான். இதோ அசரியா, முப்பது வருஷமா என் ஆளு. எவன் சொன்னாலும் எதையும் நம்பாதவர். அவரையே கேளுங்க. அசரியா, சொல்லுய்யா. மீனப் போட்டுட்டு இந்த ஊரே சேந்து ஒரு வீட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சா?"

அசரியா குழாயைப் பற்களுக்கிடையில் வைக்கப் போனார். அது நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெர்னிஸ் அதை எடுத்து அவர் வாயில் வைத்தாள். அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து, தார்க் கயிற்றின் திரி பதிந்திருந்ததைக் கான்ஸ்டபிள் பார்த்தான்.

"எஃபிக்கு எண்ணத் தெரியல," என்றார் அசரியா. "அறுபத்து நாலு. எழுதிக்கோ தம்பி. நடந்துச்சு."