வால் இல்லாத ஜெபம்

இதோ வந்துவிடும், அந்த வால் இப்போது வந்துவிடும் என்று சூலியா கண்ணை மூடிக் காத்திருந்தாள்… ஜெபத்துக்கு அழைக்கும் மாலைச் சங்கு ஊதி ஓய்ந்துவிட்டது, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, வீட்டுக்கு வீடு ஜெபம், சுவரில்லாத வீடுகளில் ஆண்டவரிடம் யார் எதைக் கேட்டாலும் அது பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சேரும், அந்த வசதியைத்தானே அவளும் பக்கத்து வீட்டு அகெனெசேவும் இத்தனை காலம்… சூலியாவின் பன்றி அகெனெசேவின் சேப்பங்கிழங்குத் தோட்டத்தைக் கிளறியதில் வந்த சண்டை. பகைவருக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று போதகர் சொன்னதும் இருவரும் உடனே கீழ்ப்படிந்தார்கள், எப்படி? “ஆண்டவரே, சூலியாவ ஆசீர்வதியும், பன்றியக் கட்டிப்போட பாவம் அவளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல” என்று அங்கிருந்து வரும். “அகெனெசேவுக்கு நல்ல சுகம் தாரும், அவ நாக்குக்கு மட்டும் கொஞ்சம் ஓய்வு தாரும்” என்று இங்கிருந்து போகும். ஜெபத்தின் அந்த வாலைக் கேட்டுப் பிள்ளைகள் பாயில் முகம் புதைத்துச் சிரிப்பார்கள்…

இன்று அகெனெசேவின் குரல் தாழ்ந்திருந்தது, காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது. “சூலியா மக திலாவுக்குக் காய்ச்சல் விடணும், ஆண்டவரே. பிள்ளை வாயில ஏதாவது இறங்கணும்.” அப்புறம்? அப்புறம் ஆமென். வால் இல்லை. படகேற்றித் தலைநகர் ஆப்பியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்குமோ என்று நேற்று முழுக்கப் பெற்றவர்களை நடுங்கவைத்த திலா, மத்தியானம் வேர்த்துக் காய்ச்சல் விட்டு, தேங்காய்ப்பாலில் வெந்த ஈரப்பலாவைத் தானே கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, இதோ அப்பா மடியில் உறங்குகிறாள், அது அகெனெசேவுக்குத் தெரியாது… எத்தனை நாளாக இப்படிக் கேட்டாளோ, என் காதில் விழாதபடி?

“என்ன சூலியா, தூங்கிட்டியா?” கணவன் முழங்கையால் இடித்தான். “மத்த நாள்ல அவ ஆமென் சொல்லி முடிக்கக்கூட விடமாட்ட.”

அவள் வாய் திறந்தாள். பிள்ளைக்காக நன்றி, வேர்வைக்காக நன்றி, தின்ற வாய்க்காக நன்றி, நன்றி சொல்லச் சொல்ல இன்னும் இன்னும் வந்தது… பிறகு, “அகெனெசேவுக்கு, ஆண்டவரே…” என்று தொடங்கி நின்றாள். என்ன கேட்பது? அவளுக்குக் கால்வலி உண்டா? ராத்திரி தூக்கம் வருகிறதா? கடலுக்குப் போன அவள் மகன் திரும்பிவிட்டானா? ஒரு மாலைகூட விடாமல் அவளுக்காக ஜெபித்திருக்கிறேன், அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு…

“அகெனெசேவுக்கு…” என்றாள் மறுபடி. பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை, அங்கேயும் யாரோ கண்ணை மூடி, வால் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.