தோங்சுக் வீட்டு விளக்கும் சாய்புவாவின் செடியும்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுத உட்கார்ந்தது இலக்கியத்துக்காக இல்லை. என் மனைவி சாய்புவா வளர்த்த கஞ்சாச் செடியைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளத்தான். நேரில் அடித்துக்கொண்டால் ஊரார் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். அச்சில் அடித்துக்கொண்டால், எழுந்து போகிறவர்களை நான் பார்க்க வேண்டியதில்லை.

என் பிழைப்பு பேய்க்கதை. தாய்லாந்தின் வடகிழக்கில் கோன் கேன் நகரிலிருந்து வரும் ஒரு மலிவுப் பத்திரிகைக்கு மாதம் ஒரு பேய் தருகிறேன். அதனால் இந்தக் கதையின் முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"மழை ஓய்ந்த அந்தியில், வேலியோரம் நின்ற செடியின் உள்ளிருந்து ஒரு பெண்ணின் பெருமூச்சு..."

(அடித்துவிட்டேன். பழக்க தோஷம்.)

இரண்டாவது தொடக்கம்: "சட்டம் மாறிய ஆண்டில், வீட்டுக் கொல்லையில் கஞ்சா வளர்ப்பது குற்றமல்ல என்று அரசு அறிவித்ததைத் தொடர்ந்து, வடகிழக்கு மாவட்டங்களின் விவசாயப் பெருமக்கள்..."

இதை எழுதும்போது சாய்புவா என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"என்னய்யா இது, தாசில்தார் பேசுற மாதிரி இருக்கு?"

"பின்ன எப்படி ஆரம்பிக்கச் சொல்றே?"

"செடி எங்க ஆரம்பிச்சுதோ அங்க ஆரம்பி. விதையில."

சரி, விதை.

2

அந்த வருஷம் ஊரே நட்டது. செல்பேசியில் பதிவு செய்துவிட்டால் போதும். உரச்சாக்கில், உடைந்த தண்ணீர்ச் சாடியில், பழைய சலவை இயந்திரத் தொட்டியில் என்று எங்கு பார்த்தாலும் ஐந்து விரல் இலை. ஊரே தோற்கவும் செய்தது. அதற்குக் காரணம் எங்கள் வானம்தான். இங்கே கோடைக்கும் குளிருக்கும் பகலின் நீளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. கஞ்சாச் செடி பகல் நீளமாக இருக்கும்வரை வளரும், இரவு நீண்டால் பூக்கும். எங்கள் ஊரில் முளைத்த செடி, இரவும் பகலும் சரிபாதியாக இருப்பதைப் பார்த்து, பூக்கும் காலம் வந்துவிட்டது என்று நினைத்து முழங்கால் உயரத்திலேயே பூத்துவிட்டது.

சாய்புவாவின் முதல் செடியும் அப்படித்தான் போனது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தோங்சுக் மாமா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது கஞ்சாவா, துளசியா? ரெண்டு கிள்ளிக் கொடு, பொரியல்ல போட்டுக்கறேன்."

"பகல் பத்தல மாமா. அதான் வளரல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

இரண்டாவது செடி நெஞ்சளவு வந்தது. ஒரு காலை கணுக்களில் குட்டிக் குட்டிப் பைகள் தொங்கின. ஆண். ஆண் செடியால் பயனில்லை. மகரந்தத்தைக் கொட்டி அக்கம்பக்கத்துப் பெண் பூக்களையும் விதையாக்கிக் கெடுக்கும். சாய்புவா வேரோடு பிடுங்கினாள். தோங்சுக் மாமா அதையும் விடவில்லை.

"ஆம்பளையை வளர்த்தா அப்படித்தாம்மா. நல்லாத் தின்னும், சும்மா நிக்கும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன பேய்க்காரரே, நான் சொல்றது சரிதானே?"

3

(இங்கே நிறுத்தி ஒரு சந்தேகத்தைச் சொல்ல வேண்டும். தோங்சுக் மாமாவை நான் சரியாக எழுதுகிறேனா? இதுவரை படித்தால் அவர் வில்லனாகத் தெரிகிறார். அவர் வில்லன் இல்லை. ஊரில் முலாம்பழம் போடுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. மண்ணை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். யாரையும் பாராட்ட மாட்டார், அவ்வளவுதான். பெற்ற மகன் தைவானில் தொழிற்சாலை வேலைக்குப் போய் அனுப்பிய பணத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றியபோதுகூட, "ஓடு கொஞ்சம் சிவப்பு" என்றார்.

அதனால்தான் சாய்புவாவுக்கு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. சந்தையில் அவள் சுடும் கோழிக்கு வரிசை நிற்கிறது. அதைப் பற்றி யார் புகழ்ந்தாலும் "சரி சரி, அடுத்த ஆளு" என்பாள். ஆனால் செடி விஷயத்தில் அந்த ஒரு மனிதர் "நல்லாயிருக்கு" என்று சொல்ல வேண்டும். அவள் என்னிடம் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவர் வேலிப் பக்கம் வரும் நேரத்தில் மட்டும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள்.)

4

மூன்றாவது செடி. இதைத்தான் நான் பெருமையடிக்க வந்தேன்.

கோழிக்குஞ்சுகளுக்குக் கட்டியிருந்த குண்டு பல்பைக் கழற்றிக் கொண்டுவந்து செடிக்கு மேல் கட்டினாள். சூரியன் இறங்கியதும் பல்பு எரியும். நாங்கள் படுக்கும்வரை செடிக்குப் பகல். செடி ஏமாந்து, வளர்ந்துகொண்டே போனது. நுனியைக் கிள்ளினாள். பக்கக் கிளைகள் எழும்பின. கிளைகளை வளைத்துக் கயிறு கட்டினாள். பந்தல் போலப் படர்ந்தது. கிள்ளும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் ஒரு வாக்கியத்தை அடிக்கும்போது என் முகத்தில் அந்த உறுதி வருவதே இல்லை.

மழையின் கடைசி மாதத்தில் பல்பைக் கழற்றினாள். "போதும், இனி பூத்துக்க" என்று செடியிடம் சொன்னாள். கொஞ்ச நாளில் கணுக்களில் வெள்ளை நூல்கள் எட்டிப் பார்த்தன. பெண்! அன்று சாய்புவா சந்தைக்குப் போகவில்லை. வீட்டிலேயே கோழி சுட்டு, பசையரிசிச் சோறு வைத்து, என்னையும் உட்காரவைத்துப் போட்டாள். பூக்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டன. நாற்றம் தெருமுனைவரை போனது. தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள். எனக்கு நெஞ்சு விம்மியது. நட்டவன் நான் இல்லை, ஆனாலும் வாசலில் நின்று பதில் சொன்னவன் நான்தான்.

தோங்சுக் மாமா மட்டும் வேலிப் பக்கம் வரவில்லை. மார்வலி என்று படுத்திருந்தார்.

ஒரு விடியற்காலையில் செத்துப்போனார்.

5

எங்கள் பக்கம் சாவு வீட்டை "நல்ல வீடு" என்போம். செத்தவரைத் தனியாக விடக் கூடாது. ஊரே வந்து விழித்திருக்கும். சமைக்கும், குடிக்கும், சீட்டாடும், சிரிக்கும். சாவு வீடு இருண்டு கிடந்தால் போனவருக்கு அவமானம். மூங்கில் கம்புகளில் குழல் விளக்குகளைக் கட்டினார்கள். அதில் ஒரு கம்பு எங்கள் வேலியோரம். சீட்டாட்டப் பாய் அங்கேதான் விரித்திருந்தார்கள். மகன் தைவானிலிருந்து வந்து சேரும்வரை தகனம் கிடையாது, சீட்டும் நிற்காது.

அந்தி சாய்ந்தது. விளக்குகள் எரிந்தன. வெளிச்சம் முழுக்கச் செடியின் மேல்.

பூக்கிற செடிக்கு இரவு என்றால் முழு இருட்டு வேண்டும். இருட்டில் வெளிச்சம் பட்டால் பெண் செடி குழம்பி, தன் உடம்பிலேயே ஆண் பூவும் விடும். அப்புறம் கொத்தெல்லாம் விதைதான். முதல் அந்தியில் சாய்புவா கம்பளியால் மூடினாள். விடிந்து எடுத்தபோது உள்ளே ஈரம் சொட்டியது. ஒரு கொத்தின் நடுவில் சாம்பல் நிறப் பூசணம். அந்தக் கொத்தை வெட்டிக் குழியில் புதைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். மூடினால் பூசணம், மூடாவிட்டால் விதை. இருதலைக் கொள்ளி எறும்பாக நின்றாள்.

"நான் போய்ச் சொல்றேன். அந்த ஒரு கம்பை மட்டும் நகத்தச் சொல்றேன்," என்றேன்.

"வாயைத் தொறந்தா பாரு! செத்த மனுஷனுக்கு வச்ச விளக்கை எடுக்கச் சொல்லுவியா? எதுக்கு? ஒரு செடிக்கா?"

"அது ஒரு செடியா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு

(எங்கள் ஊரில் முந்தானை கிடையாது. கைலிதான். உங்களுக்காக எழுதும்போது கை தானாக அங்கே போகிறது. அடிக்காமல் விடுகிறேன், நான் எவ்வளவு தடுமாறினேன் என்று தெரியட்டும்.)

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவு வீட்டுக்கு மூங்கில் குருத்து நறுக்கப் போனாள். அன்று அந்தியில் சந்தைக் கடையின் பெரிய குடையைத் தூக்கிவந்து சாய்த்து வைத்தாள். குடை கால்வாசிச் செடியைத்தான் மறைத்தது.

6

இங்கே என் தொழில் குறுக்கே வருகிறது. கைவசம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதல் முடிவு: நடு இரவில் எல்லா விளக்குகளும் தாமாக அணைகின்றன. வேலியோரம் ஒரு வெள்ளை உருவம். சீட்டாடியவர்கள் அலறி ஓடுகிறார்கள். தோங்சுக் மாமாவின் ஆவி செடியைக் காத்தது. (பத்திரிகைக்காரர் துள்ளிக் குதிப்பார்.)

இரண்டாவது: செடி கெடுகிறது. சாய்புவா அதை வெட்டிச் சிதையில் போடுகிறாள். (அழுகை உத்தரவாதம். ஆனால் பொய்.)

மூன்றாவது: சாவதற்கு முதல்நாள் தோங்சுக் மாமா தள்ளாடி வேலிக்கு வந்து, "நல்லாயிருக்கும்மா" என்று சொன்னதாக முன்பே ஓர் அத்தியாயம் சேர்ப்பது.

மூன்றையும் சாய்புவாவிடம் படித்தேன். மூன்றாவதுக்கு வந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவரு சொல்லாததைச் சொன்னாருன்னு எழுதாதே."

"கதைதானே, புவா."

"கதையோ கழுதையோ. செத்தவரு எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல? அதான் எழுதாதேங்கறேன்."

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். சுவாரசியம் குறைந்தால் அவளைக் கேளுங்கள்.

7

அடுத்த அந்தி. விளக்குகள் எரிந்ததும் சாய்புவா குடையைப் பிடித்துக்கொண்டு செடியோரம் நின்றிருந்தாள். நான் மறுபக்கம் ஒரு பாயை விரித்துப் பிடித்திருந்தேன். சீட்டாடியவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன பேய்க்காரரே, உங்க வீட்ல மழையா?"

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியன் அத்தை, தோங்சுக் மாமாவின் மனைவி, எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த இரண்டு நாளில் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. எழுந்தார். நேராகச் சீட்டுப் பாய்க்கு வந்தார்.

"எந்திரிங்கடா."

"என்ன அத்தை?"

"அந்த விளக்கைக் கோழிக்கூட்டுப் பக்கம் கொண்டு போங்க. பாயையும் எடுங்க."

"அங்க நாத்தமடிக்கும் அத்தை."

"இங்க எனக்குக் கண்ணு கூசுது. செத்தது என் புருஷன்தானே? இல்ல உங்க சீட்டுக்கட்டா?"

சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார்கள். கம்பு பிடுங்கப்பட்டது. எங்கள் வேலியில் இருட்டு விழுந்தது. என் வாழ்நாளில் இருட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

பியன் அத்தை வேலிக்கு வந்து சாய்புவாவின் கையைப் பிடித்தார். நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"தினம் காலையில எந்திரிச்சதும் வேலிக்கு வந்து இதைப் பாத்துட்டுத்தான் பல்லு விளக்குவாரு. படுத்தப்புறம் என்னை அனுப்புவாரு. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுன்னு."

சாய்புவாவின் குரல் மாறியிருந்தது. "நீங்க போய்ச் சொன்னப்ப என்ன சொன்னாரு அத்தை?"

பியன் அத்தை அவள் காதருகே குனிந்தார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் விளக்குக் கம்பு எவனோ ஒருவன் காலில் விழுந்து, அவன் போட்ட கூச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சாய்புவாவைத்தான் பார்த்தேன். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள்.

8

அறுவடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெருமைக்கு அளவு உண்டு. (கிடையாது.)

வெள்ளை நூல்கள் செம்பழுப்பாகிச் சுருண்டன. என் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு பூவின்மேல் பனித்துளி போல நிற்கும் பிசினைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். தெளிந்த துளிகள் பால் நிறமாகி, இங்கொன்றும் அங்கொன்றும் தேன் நிறமானதும் வெட்டினாள். ஒரு விதைகூட இல்லை. கிளைகளைத் தலைகீழாகத் தொங்கவிட இருட்டும் காற்றும் உள்ள அறை வேண்டுமென்று என் எழுத்தறையை எடுத்துக்கொண்டாள். இப்போது அதன் மூலையில் ஒரு சின்ன விளக்கில், கிளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். சட்டையெல்லாம் நாற்றம். இப்படி ஒரு பெண்ணுக்குப் புருஷன் என்று ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறேன்.

நேற்று பியன் அத்தை தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தார். காய்ந்த பூக்களிலிருந்து இலைகளை நறுக்க உட்கார்ந்த இரண்டு பெண்களும் எதையோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டார்கள்.

"அன்னைக்கு வேலியில அவரு என்ன சொன்னாருன்னு சொன்னீங்க? கதை அதுலதான் நிக்குது," என்றேன்.

பியன் அத்தை சாய்புவாவைப் பார்த்தார். சாய்புவா கத்தரிக்கோலிலிருந்து பிசினைச் சுரண்டினாள்.

"அது எனக்குச் சொன்னது. உன் கதைக்குச் சொன்னதில்ல."

9

வாசகரே, மாட்டிக்கொண்டேன். தோங்சுக் மாமா பாராட்டினார் என்று எழுதினால் அவள் ஏன் சிரித்தாள்? கிண்டல் செய்தார் என்று எழுதினால் ஏன் அழுதாள்? பேய்களுக்கெல்லாம் வசனம் எழுதியவன் நான். ஒரு முலாம்பழக்காரர் மெத்தையில் படுத்துக்கொண்டு சொன்ன ஒரு வரி எனக்கு வரவில்லை. ஏழெட்டு எழுதி, ஏழெட்டையும் கிழித்தேன்.

இன்று காலை முழுக் கதையையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"செடியைச் சரியா எழுதியிருக்கே. மாமாவையும்தான். அந்த வரியில மட்டும் கையை வைக்காதே."

கையை எடுத்துவிட்டேன். கீழே ஒரு வரி வெற்றாக இருக்கிறது. ஒரு பெண்ணைச் சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அழவைக்கிற வார்த்தை உங்களிடம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் காட்ட வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்தவன் நான், எனக்கு அது போதும்.

"......................................................"