எந்தக் கவுன்சிலர்?

பதினோரு வருடமாக மும்பை செம்பூரில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் லிஃப்ட்டுக்குள்ளேயே லிஃப்ட்மேனாகக் காலம் தள்ளியவன் சுரேந்திரன். போன மாதம் ஒரு மத்தியானம் அந்த லிஃப்ட் ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவே நின்றுபோனது. நாற்பது நிமிடம், இருட்டு, உள்ளே அவன் ஒருத்தன். மெக்கானிக் வந்து இறக்கிவிட்டபோது வெளியே நின்ற எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "லிஃப்ட்டுக்கு என்ன ஆச்சு?" அவனுக்கு என்ன ஆச்சென்று கேட்க ஒரு நாதியில்லை. வீட்டிலும் அவன் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அதன் பிறகு மூச்சே ஒழுங்காக வரவில்லை. லிஃப்ட் கதவு மூடினால் நெஞ்சு அடைத்தது. தாராவியில் தன் பத்துக்குப் பத்து அறையில் படுத்தால் சுவர்கள் நெருங்கி வந்தன. ஒன்பது நாள் லீவு போட்டாயிற்று. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் என்று கட்டிட செக்ரட்டரி சொல்லிவிட்டார். ஹார்ட் டாக்டரோ சோதித்துவிட்டு, "இருதயத்துல ஒண்ணுமில்ல. கவுன்சிலரைப் பாருங்க" என்று சீட்டெழுதிக் கொடுத்தார்.

மனைவி சண்முகவடிவுக்கு முகம் மலர்ந்தது. வார்டுக்குக் கவுன்சிலர் ஒருவர்தானே! "அவரு ஒரு போன் போட்டா செக்ரட்டரி அடங்கிருவான். டாக்டர் வெவரமானவருதான்" என்று மறுநாளே அவனைக் கவுன்சிலர் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஏசிக்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய், ரேஷன் கார்டு என்று முப்பது பேர் உள்ளே. சுரேந்திரனின் கண் ஷட்டரை விட்டு நகரவில்லை.

"என்ன கம்ப்ளெயின்ட்டு?" என்றான் மனு எழுதும் ஜம்பு.

"மூச்சு முட்டுது."

"எந்தக் கல்லி, எந்தச் சந்து?"

"கல்லி இல்ல. எனக்கு."

"இங்கன யாருக்குய்யா முட்டல!" ஆபீசே சிரித்தது. சீட்டை வாங்கிப் படித்த ஜம்பு, "அட, இது மனசுக்குப் பாக்குத கவுன்சிலருய்யா!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னான். சிரிப்பு நின்றது. அதுதான் இன்னும் மோசம்.

"பைத்தியத்துக்கா?" என்றாள் சண்முகவடிவு.

"பைத்தியமாவது மண்ணாவது" என்றாள் ரேஷன் கார்டுக்காக நின்ற ஷரீஃபுன்னிசா. "எம்மவளுக்கு நானும் அலைஞ்சிருக்கேன். மாத்திரை எழுதுதவுக சைக்யாட்ரிஸ்ட்டு. அவுக டாக்டருக்குப் படிச்சவுக. டெஸ்ட்டு வச்சு, மனசு எங்கன சிக்கிருக்குன்னு பாத்து, பேசியே எடுத்துவிடுதவுக சைக்காலஜிஸ்ட்டு. இந்தக் கவுன்சிலரு மொதல்ல நம்ம பேச்சக் கேப்பாவ. வேணும்னா மத்தவுககிட்ட அனுப்புவாவ."

"பேச்சக் கேக்கத் தனியா ஒரு ஆளா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

சுரேந்திரன் ஷட்டருக்கடியில் குனிந்து தெருவுக்கு வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கவுன்சிலரின் அறை ஆறாவது மாடி. படியேறியே போனான். பின்னால் சண்முகவடிவும் முணுமுணுத்தபடி ஏறினாள். உள்ளே ஷைஸ்தா என்ற சின்னப் பெண்தான் கவுன்சிலர். கதவைச் சாத்தப் போனவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"சாத்தவா, தொறந்தே இருக்கட்டுமா? நீங்க சொல்லுங்க."

பதினோரு வருடமாக ஊருக்கெல்லாம் கதவு திறந்துவிட்டவனை யாரும் கேட்காத கேள்வி. அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பாதி" என்றான்.

பிறகு இருட்டைச் சொன்னான். நாற்பது நிமிடத்தைச் சொன்னான். "செத்துருவேன்னுதான் வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். சொன்னா பயந்துருவா. சும்மாதான் கூப்பிட்டேன்னு வச்சிட்டேன்."

பாதிக் கதவு வழியே, வெளியே பெஞ்சில் ஆடிக்கொண்டிருந்த சண்முகவடிவின் கால் தெரிந்தது. அது நின்றது.

"அன்னைக்கா?" அவள் குரல் உடைந்து வந்தது. "அந்தப் போன்ல நான் தக்காளியில்ல வாங்கிட்டு வரச் சொன்னேன்."