ஜோவிதாவின் பச்சைக் கோடு

"தாலியம் பாட்டிலைக் கண்டுபிடிச்சதும் பச்சைக் கோடு காட்டறேன்னு சார் சொன்னாருங்க மேம்."

லோகப்பிரியா சாதாரணமாகத்தான் சொன்னாள். ஜோவிதாவுக்குக் கையிலிருந்த டீ கசந்தது.

கோவையில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் ஜோவிதாவும் அவள் கணவன் கிறிஸ்டோவும் ஆசிரியர்கள். அவனிடம் ஆராய்ச்சி செய்ய அன்னூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் லோகப்பிரியா. ராமபாணப் பூச்சி தின்று லேபிள் போன பழைய பாட்டில்களில் எது என்னவென்று கிறிஸ்டோவும் லோகப்பிரியாவும் ஒரு மாதமாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு வருடங்களுக்கு முன், அதே ஆய்வகத்தில், கிறிஸ்டோ ஜோவிதாவை, சுடரின் ஒளியை நிறக் கோடுகளாகப் பிரிக்கும் நிறமாலைமானிக்குள் பார்க்கச் சொன்னான். இருட்டின் நடுவே ஒற்றைப் பச்சைக் கோடு. தாலியத்தின் கையெழுத்து இது என்றான். அதன் பிறகுதான், கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டான். வரவேற்புக்கு அதே பச்சையில் சேலை எடுக்க அவனை ஆறு கடை ஏறி இறங்க வைத்தாள். அந்தக் கோட்டைத்தான் இப்போது இன்னொருத்திக்குக் காட்டப் போகிறானாம்.

அவள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மதியம் வகுப்பு முடிந்ததும் ஆய்வக வாசலில் போய் நின்றாள்.

கிறிஸ்டோவை முதல்வர் அழைத்திருந்தார். லோகப்பிரியா தனியாக இருந்தாள். அவன் நாற்காலியில் அவனுடைய வெள்ளை லேப் கோட் தொங்க, அதன் மேல் அவளுடைய துப்பட்டா கிடந்தது. ஜோவிதா அதையே பார்த்தாள்.

லோகப்பிரியா ஒரு கரைசலில் அமிலம் விட்டாள். வெள்ளையாக வீழ்படிவு இறங்கியது. அம்மோனியா சேர்த்தாள். வெள்ளியாக இருந்தால் கரைய வேண்டும். கரையவில்லை. அவளோ அதற்குள் நோட்டில் 'வெள்ளி' என்று எழுதிவிட்டு, விரலில் கரைசல் சிந்தியிருந்த கையுறையை வெறும் மறு கையால் கழற்றப் போனாள்.

தாலியம் விஷம், தோல் வழியே ஏறும். பொட்டாசியம் என்று ஏமாந்து உடம்பே அதை உள்ளே விடும். வேறொன்றின் இடத்தில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். இவளைப் போல, என்று ஜோவிதாவுக்குத் தோன்றியது. தப்பு செய்யட்டும், அவரே வந்து பார்க்கட்டும்.

ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கையை அப்படியே வெய் கண்ணு. அது வெள்ளி இல்லை."

கையுறையின் உட்புறம் வெளியே வரும்படி எப்படிக் கழற்றுவது என்று பக்கத்தில் நின்று சொன்னாள். கையைக் கழுவ வைத்தாள். பிறகு ஜோவிதா தானும் கையுறை மாட்டி, காற்றை உறிஞ்சும் கூண்டுக்குள் சுடரை ஏற்றி, கம்பியில் ஒரு துளி எடுத்துச் சுடரில் பிடித்து, நிறமாலைமானியை அவள் பக்கம் திருப்பினாள்.

"இப்பப் பாரு."

"ஒரே ஒரு கோடுங்க மேம்," என்றாள் லோகப்பிரியா, கண்ணை எடுக்காமல். அந்தக் கோட்டைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டோம் என்று ஜோவிதாவுக்கு நெஞ்சு வலித்தது.

லோகப்பிரியா நடந்ததைச் சொல்லியிருந்தாள்; மாலை வண்டி நிறுத்துமிடத்தில் கிறிஸ்டோ ஜோவிதாவைப் பெருமையாகப் பார்த்தான். அது அவளுக்குத் தாங்கவில்லை.

"ஏனுங்க, நான் உடனே சொல்லலைங்க. ஒரு மூச்சு நேரம் பார்த்துட்டே நின்னேன்."

அவன் சாவியைத் திருப்பவில்லை. "எதுக்கு?"

"பச்சைக் கோட்டை அவளுக்குக் காட்டறேன்னீங்களாமே."

சாவியை உருவிக் கையில் வைத்து உருட்டினான். கோபமா என்று அவளுக்குப் புரியவில்லை.

"கோடு பாடம், ஜோவி. வர்ற எல்லாருக்கும் காட்டுவேன். அப்புறம் கேட்டது உன்கிட்ட மட்டுந்தான்."

"இனிமேல் காட்டறப்ப நானும் நிக்கறேங்க."

"நில்லு. ஆனா அடுத்த தடவை அந்த மூச்சு விடறதுக்கு முன்னாடியே சொல்லிப்போடு."

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தோளைப் பிடிக்கலாமா என்று யோசித்தாள். வண்டி வாசலைத் தாண்டிய பிறகுதான் பிடித்தாள்.