வடக்கு முனைக்குப் போன ரயில்கள்

தம்பி வீட்டை விட்டுப் போனபின் அவனோடு பேச எனக்கு இருந்த ஒரே வழி, ஒரு போர் விளையாட்டு. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அப்பா சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை விட்டார், அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான், போன் நம்பரையும் மாற்றிவிட்டான். விளையாட்டில் வைத்திருந்த பெயரை மட்டும் மாற்றவில்லை. எலிவால். சின்ன வயதில் நான் வைத்த பெயர்.

நான் வேறொரு பெயரில் அதே அணியில் சேர்ந்தேன். பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் ஆட்டம், ஆளுக்கொரு படை. எல்லாருக்கும் டாங்கி வேண்டும், பதக்கம் வேண்டும். சப்ளை வேலையைச் சீந்துவார் இல்லை. நான் கேட்டு வாங்கினேன். சப்ளை பார்க்கிறவர்தான் தினமும் ஒவ்வொரு போர்முனையில் இருப்பவரிடமும் "என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும்.

நான் வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, உள்ளே டிரில் கிர்ரென்று ஓட, மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு சரக்கு ரயில் விட்டேன். தண்டவாளம் முடிகிற இடத்திலிருந்து லாரி. தூரம் கூடக்கூட, ஏற்றிய டீசலில் பாதியை லாரியே குடித்துவிடும். பெயர் முன்வரிசைக்கு, திட்டு எனக்கு.

ஆனால் எலிவாலிடமிருந்து பதில் வரும். "ரொட்டி பத்தலைங்க. குண்டு கொஞ்சம் அனுப்புங்க." ஒருநாள் கூடவே, "ஜுரம், அதான் லேட்டு." மாத்திரை போட்டாயா என்று கேட்கப்போன விரலை மடக்கிக்கொண்டேன். தெரிந்தால் ஓடிவிடுவான். கூடப் பிறந்தவன் என்னை வாங்க போங்க என்கிறானே என்று இருந்தது. இருந்தாலும் வீட்டுக்குப் போய், "அவன் நல்லா இருக்கான்மா" என்று சொல்ல முடிந்தது.

போன வாரம் ஜெனரல், நிஜத்தில் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர், தெற்கில் பெரிய தாக்குதல் என்று அறிவித்தார். எல்லா ரயிலும் தெற்கே போக வேண்டுமாம். வடக்கு முனையிலிருந்த எலிவால் அன்றைக்கென்று எழுதினான்: "மழை வந்தா ரோடு சேறாயிடும். அப்புறம் பட்டினிதாங்க."

பொம்மைச் சிப்பாய்களின் பட்டினிதான், தெரியும். ஆனாலும் அவன் எங்கே, என்ன சாப்பிடுகிறான் என்று தெரியாமல் தவித்த எனக்கு அந்த வார்த்தை தாங்கவில்லை. எல்லா ரயிலையும் வடக்கே திருப்பினேன். தெற்கு நாசமாய்ப் போகட்டும்.

மறுநாள் பதில் வந்தது. "அடேங்கப்பா! கிடங்கு வழியுதுங்க. போர் முடியுற வரைக்கும் தாங்கும். இனிமே உங்களுக்குத் தொந்தரவே தர மாட்டேன்."

அள்ளிக் கொடுத்து, கேட்கிற வாயை நானே அடைத்துவிட்டேன். இனி எதற்காக எனக்கு எழுதப்போகிறான்? டோக்கன் கூப்பிட மறந்ததில் ஒரு பல்வலிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார். பதற்றத்தில் தட்டிவிட்டேன்: "டேய், நான் அக்கா. போகாத."

பார்த்துவிட்டான். பிறகு, "இவ்வளவு நாளா நீயா?"

"ஆமாடா. அம்மா அழறாங்க. ஒரு தடவ வந்துட்டுப் போ."

அவன் பெயருக்குப் பக்கத்தில் எரிந்த பச்சைப் புள்ளி அணைந்தது. அதோடு சரி, அவன் வரவே இல்லை.

சில நாளில் வடக்கு முனை விழுந்தது. உத்தரவு போட ஆளில்லாத படை ஒரு குண்டும் சுடவில்லை. எதிரி நடந்தே வந்து பிடித்துக்கொண்டான். ஜெனரல் குதித்தார். "என்னய்யா சப்ளை பாக்குற? அங்க அப்படி என்னதான் கொறைஞ்சுது?"

கிடங்குக் கணக்கைத் திறந்து பார்த்தேன்.

"ரொட்டி, குண்டு, டீசல் எல்லாம் அப்படியே இருக்கு சார்" என்று எழுதினேன்.