எடுக்காத அழைப்புகள்

தேவ்நாரில் ஆபிதாவும், அவள் 'காக்கா' என்று அழைக்கும் அண்ணன் முகைதீனும் சேர்ந்து பழைய கார் விற்கும் கடை நடத்தினார்கள். அவர்களுடைய வண்டிகளை முகைதீனின் போன் நம்பரோடு இணையத்தில் போடும் கம்பெனியின் சந்தா அன்றோடு முடிகிறது. புதுப்பிக்க வந்த ரமேஷ்குமார், கட்டணம் இரண்டு மடங்காகிவிட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"வேண்டாம்ப்பா. உங்களால ஒரு வண்டிகூட போகல. வர்றது பூரா போலி நம்பரு" என்றார் முகைதீன்.

"எல்லாம் நிஜமான ஆளுங்க சார். எத்தன பேரு விசாரிச்சிருக்காங்க பாருங்க" என்று ரமேஷ்குமார் பட்டியலைக் காட்டினான்.

கம்பெனி கேட்கும் விலை தகுமா என்று ஆபிதாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. "ரெண்டு பேரக் கூப்பிட்டுப் பாத்துருவோம்" என்று போனை எடுத்தாள்.

"எதுக்கு வேல கெட்டு?" முகைதீனின் குரல் உயர்ந்தது. அவள் அதற்குள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

முதல் ஆள் இந்தியில் பொரிந்து தள்ளினான். அவன் ஒன்று கேட்டானாம், கடைக்காரர் வேறொன்று சொல்லிப் போனை வைத்துவிட்டாராம். அடுத்தவள், பலமுறை அடித்தும் யாரும் எடுக்காததால் செம்பூரில் வேறு கடையில் வாங்கிவிட்டதாகச் சொன்னாள்.

ஆபிதாவுக்கு முகம் சுட்டது. வந்த கிராக்கியை எல்லாம் அண்ணன் வேறு கடை யாருக்கோ திருப்பிவிட்டாரா? போனைப் பார்த்தபடியே, "காக்கா, யாருக்குத் தள்ளிவிட்டிய?" என்றாள்.

பதில் இல்லை. கோபத்தோடு நிமிர்ந்து மறுபடி கேட்டாள். முகைதீன் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும் இல்லம்மா. போன்ல பேசுறது எனக்குக் கேக்க மாட்டேங்கு. நேர்லன்னா வாயப் பாத்துச் சமாளிச்சுக்கிடுவேன்."

ரமேஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான். ஆபிதா போனைக் கீழே வைத்தாள். பிறகு அவனிடம், "என் நம்பரப் போடுங்க. பழைய ரேட்டுக்கு மூணு மாசம் தாங்க. வண்டி வித்தா அப்புறம் விலையப் பேசலாம்" என்றாள்.

அவன் வெளியே போய் மேலதிகாரியிடம் மன்றாடிவிட்டு வந்தான். ஒரு மாதம்தான் கிடைத்தது. அவள் ஒத்துக்கொண்டாள்.

அவன் போனதும் முகைதீன் சொன்னார், "டாக்டர்ட்ட போனா காதுல மிஷின் மாட்டச் சொல்லுவான். செவிடன்ட்ட எவன் வண்டி வாங்குவான்?"

"போன எடுக்காதவன்ட்ட மட்டும் வாங்குதானா?" அவள் அவர் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகச் சொன்னாள். "நாளைக்குப் போறோம்."

மறுநாள் காலையில் அவள் டாக்டரிடம் கூட்டிப்போக வந்தபோது, முகைதீன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு தன் வீட்டுக் கட்டடத்தின் கீழே நின்றிருந்தார்.