வீரையாவின் ஈறு

வீரையாவின் ஈறு சுருங்கியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

பல் வைத்தியர் இப்படிச் சொன்னால் பைத்தியம் என்பீர்கள். தெல்தோட்டை லொறிச் சாரதி வீரையாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருந்தார்கள். கொடுத்தவள் மனைவி மூக்காயி. அதை உடம்பு வெளியே தள்ளாமலிருக்க அவர் விழுங்கும் குளிசைதான் ஈறையும் வளர்த்துப் பல்லைப் பாதி மூடியிருந்தது. நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சையும் படரும். கண்டியிலுள்ள என் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்வேன், ஏசுவேன், அனுப்புவேன்.

"பாருங்க டொக்டரம்மா, பல்லு பூரா தெரியுது!" கண்ணாடியில் இளித்துப் பார்த்தார் வீரையா.

"என்ன செய்தனீங்கள்? நாட்டு மருந்தோ?"

"ஒண்ணுமில்லங்க. இவ தர்றத முழுங்குறேன், அவ்வளவுதான்." பக்கத்தில் நின்ற மூக்காயியைக் காட்டினார்.

எனக்கு மண்டை குடைந்தது. பூஞ்சையையும் காணவில்லை. அப்படியென்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி திரும்பி வந்திருக்க வேண்டும். குளிசை அதை அடக்கி வைத்திருக்க வேண்டுமே!

மூக்காயியின் பக்கம் திரும்பினேன். "குளிசை எல்லாம் ஒழுங்காக் குடுக்கிறனீங்களோ?"

அவள் பெருமையோடு பையிலிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்தாள். உள்ளே நிறையக் குளிசைகள்.

"எண்பத்து மூணு கலவரத்துல கடையெல்லாம் எரிச்சப்போ, ஒலைக்குப் போடுறதுல எடுத்து வச்ச பிடி அரிசிலதான் நாங்க உசுரோட இருந்தோம். இப்ப மறுபடி சண்டை. ரோட்ட மூடிட்டா மருந்துக்கு எங்க போக? அதான் இவருக்குக் குடுக்குறதுல வேளைக்கு ஒண்ணா எடுத்து வச்சேன்."

"டொக்டருங்க கொறைச்சிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றார் வீரையா.

எனக்கு வந்த கோபம்! "அம்மா, அது நீங்கள் குடுத்த சிறுநீரகம்! நீங்களே அதைக் கொல்லுறீங்கள்!"

அவள் கை தானாக இடுப்புத் தழும்புக்குப் போனது. பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப ரோட்ட மூடுனா என்னங்க செய்றது?"

யாழ்ப்பாணத்துப் பாதை மூடி, அங்கே இருந்த என் அப்பாவுக்கே மருந்து போய்ச் சேராத நாட்கள் அவை.

இருவரையும் அப்போதே சிறுநீரக வைத்தியரிடம் கூட்டிப்போனேன். இரத்தத்தில் கழிவு ஏறியிருந்தது. இன்னும் காப்பாற்றலாம் என்றார் அவர். குளிசையை மறுபடி முழு அளவில் கொடுக்கச் சொன்னார்.

சில மாதம் கழித்து வந்தார்கள். வீரையா கதிரையில் சாய்ந்து வாயைத் திறக்குமுன் மூக்காயி முந்திக்கொண்டாள்.

"வளந்திருக்கா டொக்டரம்மா?"

விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். ஈறு தடித்துப் பல்லின்மேல் ஏறியிருந்தது.

"ஓம். நல்லா வளந்திருக்கு."

"அப்ப என் பல்லு?" என்றார் வீரையா. அவரை யாரும் கவனிக்கவில்லை. மூக்காயி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.